கேபிள் கம்பியைப் பார்க்க ஒரு குழு வேண்டும், செய்தியைக் கத்தரிக்க வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள், உடன்பாடு இல்லாவிட்டால் தாராளமாக எழுதுங்கள்.

டிசம்பர் கடைசியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு மாமி கையில் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். "டீச்சர், ஒரு கடிதம் எழுதித் தாங்களேன்" என்றார்.

விஷயம் இதுதான். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் பக்கம் மரம் விழுந்து கம்பிகள் அறுந்தன. மின்சாரம் ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது. கேபிள் வர 23 நாள் ஆனது. மாத முடிவில் காசு சேர்க்க வந்த தம்பி முழு மாதக் கட்டணத்தையும் கேட்டார். மாமி தனியாக இருக்கிறவர், சண்டைக்குப் போகாதவர். கொடுத்துவிட்டார். பற்றுச்சீட்டு கேட்டதற்குத் தம்பி தன் கொப்பியில் ஒரு சரி அடையாளம் போட்டுக் காட்டினார். அவ்வளவுதான் பற்றுச்சீட்டு.

மாமிக்குக் காசை விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அறுந்த பழைய கம்பி இன்னும் வேலியோரம் தொங்குகிறது. காலையில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் படிக்கட்டுப் பாதை அது. எது கேபிள் கம்பி, எது மின்கம்பி என்று ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது.

நான் தரம் 10 பிள்ளைகளுக்கு முறைப்பாட்டுக் கடிதம் படிப்பிக்கிறவள். அனுப்புநர், பெறுநர், விடயம், மதிப்பிற்குரிய ஐயா. பெறுநர் முகவரியைப் பிழையாகப் போட்டால் புள்ளி குறைப்பேன். அன்று மாமியின் கடிதத்தில் அனுப்புநரை எழுதி முடித்தேன். பெறுநர் வரியில் பேனா நின்றுவிட்டது.

யாருக்கு எழுதுவது?

அடுத்த சில நாட்களில் நானும் நானாவும் விசாரித்துப் பார்த்தோம். கேபிள்காரரிடம் கேட்டால், "கம்பம் எங்கட இல்ல டீச்சர், அவங்களிட்ட சொல்லுங்க" என்றார். ஓர் அலுவலகத்தில், "கம்பம் எங்களுடையது, அந்த வயர் எங்களுடையது இல்லை" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், "நாங்கள் இதற்கு உரிமம் கொடுப்பதில்லை, கொழும்புக்கு எழுதுங்கள்" என்றார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, பொய் சொல்லவும் இல்லை. எல்லோரும் சொன்னது உண்மை. அதுதான் பிரச்சினையே.

சட்டப்படி நிலைமை இதுதான். கேபிள் வழியாகத் தொலைக்காட்சிச் சேவை கொடுக்க இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டமும் 1996 இல் வந்த திருத்தமும் அதற்கு அடிப்படை. அலுவலகம் கொழும்பில். கம்பி ஏறிப் போகும் கம்பங்கள் பெரும்பாலும் மின்சாரத் துறையுடையவை. கம்பி கடந்து போகும் பாதை பெரிய வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, உள்வீதியென்றால் மாநகர சபையுடையது அல்லது பிரதேச சபையுடையது. கட்டணத்தில் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, 1977 என்ற இலக்கம். அந்தக் கம்பியில் வரும் அலைவரிசைகளுக்கு அனுமதி கொடுப்பது ஊடகத்துக்குப் பொறுப்பான அமைச்சு.

ஒரே கம்பி. அதற்கு நான்கைந்து பொறுப்பாளிகள். ஆனால் எங்கள் ஒழுங்கையில் நின்று அந்தக் கம்பியை நிமிர்ந்து பார்க்கிறவர் ஒருவரும் இல்லை.

"இந்தக் காலத்தில் யார் கேபிள் பார்க்கிறார்கள், எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கிறதே" என்று சிலர் சொல்வீர்கள். உங்கள் கையில் இருக்கிறது. மாமியின் கையில் இருப்பது பட்டன் ஃபோன். கண்டி ஒரு குண்டுச்சட்டி. நாலு பக்கமும் மலை. ஹந்தானையில் எத்தனை கோபுரம் நின்றாலும் பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்கு அன்டெனாவில் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். அதனால்தான் இங்கே டிஷ்ஷும் கேபிளும் ஆடம்பரப் பொருளாக இல்லாமல் அவசியப் பொருளாகிப் போயின. 2020 இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது தொலைக்காட்சியில் பாடம் நடத்தினார்கள், தமிழ்மொழிப் பாடங்கள் நேத்ராவில் வந்தன. எந்தப் பிள்ளைக்குப் படம் தெளிவாகக் கிடைத்தது, எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்பது பிறகு என் வகுப்பில் கொப்பிகளைத் திருத்தும்போது எனக்குத் தெரிந்தது. இன்னொன்று, இன்றைக்கு டிவி வரும் அதே மாதிரிக் கம்பியில்தான் நாளைக்கு இன்டர்நெட்டும் வரப்போகிறது. பல இடங்களில் ஏற்கெனவே வந்துவிட்டது. கம்பிக்கு இன்றைக்குப் பொறுப்பாளி இல்லையென்றால் நாளைக்கும் இருக்கமாட்டார்.

இதை மற்ற ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். மூன்று விதமான வழிகள் கண்ணில் பட்டன.

முதலாவது அமெரிக்கா. அங்கே 1984 இல் ஒரு கேபிள் சட்டம் கொண்டு வந்தார்கள். அதன்படி ஒரு நிறுவனம் ஊருக்குள் கம்பி இழுக்க வேண்டுமென்றால் அந்த ஊர் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வீதியைப் பயன்படுத்துவதற்காகக் கேபிள் வருமானத்தில் 5 சதவீதம் வரைக்கும் நகரம் கட்டணம் வாங்கலாம். பல நகரங்களில் இதைக் கவனிக்க ஊர்மக்களைக் கொண்ட சிறிய குழுக்கள் வைத்தார்கள். 1992 இல் வந்த அடுத்த சட்டத்தின் பின் சேவைக்கும் அளவுகோல் வந்தது. வாடிக்கையாளர் ஃபோன் எடுத்தால் 30 விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். சேவை அறுந்தால் 24 மணித்தியாலத்துக்குள் திருத்த வேலையைத் தொடங்க வேண்டும். திருத்த ஆள் வரும் நேரத்தை நாலு மணித்தியாலத்துக்குள் குறித்துச் சொல்ல வேண்டும், நாள் முழுக்க நம்மைக் காக்க வைக்க முடியாது. பாடசாலைக்கும் பொதுமக்களுக்கும் நகர நிர்வாகத்துக்கும் தனி அலைவரிசை ஒதுக்கும்படியும் நகரம் கேட்கலாம். ஆனால் நிகழ்ச்சிகளின் உள்ளடக்கத்தில் இப்படிக் காட்டு, அப்படிக் காட்டாதே என்று நகரம் கட்டளை போட அந்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அங்கேயும் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று சொல்லவில்லை. 2005 இல் டெக்சாஸ் தொடங்கிப் பல மாநிலங்கள் நகரங்களின் கையிலிருந்து இந்த அனுமதி அதிகாரத்தை மாநில மட்டத்துக்கு எடுத்துக்கொண்டன. ஆனாலும் அந்த எண்ணம் நல்லது: கம்பியைப் பார், கருத்தில் கை வைக்காதே.

இரண்டாவது இந்தியா. அங்கே 1995 இல் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2005 இல் மாநில மட்டத்திலும் மாவட்ட மட்டத்திலும் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கச் சொன்னார்கள். மாவட்டக் குழுவுக்குக் கலெக்டர் தலைவர். பொலிஸ் அதிகாரி இருப்பார், ஒரு பெண்கள் கல்லூரி அதிபர் இருப்பார், சிறுவர் நலன், பெண்கள் நலன் பார்க்கும் தொண்டு நிறுவனங்களின் பிரதிநிதிகள் இருப்பார்கள், கல்வியாளர் இருப்பார். வாசிக்கும்போது அழகாக இருந்தது. ஒரு பெண் அதிபருக்கு அந்த மேசையில் கதிரை போட்டிருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். பிறகு குழுவின் வேலை என்ன என்று பார்த்தேன். கேபிளில் வரும் நிகழ்ச்சிகளைப் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்பது, அனுமதி இல்லாத அலைவரிசை ஓடுகிறதா என்று பார்ப்பது, பொது அமைதியைக் குலைக்கும் உள்ளடக்கம் இருந்தால் மேலே அறிவிப்பது. அதாவது அங்கே குழுவின் கண் முதலில் திரையில். மாமியின் 23 நாள் காசுக்கு அந்த மேசையில் பெரிதாக இடமில்லை.

மூன்றாவது தமிழ்நாடு. அங்கே கேபிள் தொழில் ஆளும் கட்சிக் குடும்பத்தோடு தொடர்புடைய ஒரு நிறுவனத்தின் கையில் குவிந்து, பிறகு அந்தக் குடும்பத்துக்குள்ளேயே பிணக்கு வந்தது. 2007 இல் அரசே தமிழ்நாடு அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷனைத் தொடங்கியது. இடையில் அது படுத்துவிட்டது. ஆட்சி மாறிய பின் 2011 செப்டெம்பரில் மாதம் 70 இந்திய ரூபாய்க்கு மறுபடியும் ஓட விட்டார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு நல்ல உதவி, அதை மறுக்க முடியாது. ஆனால் கம்பியும் அரசுடையது, விலையும் அரசுடையது, எந்த அலைவரிசை எந்த இலக்கத்தில் என்று தீர்மானிப்பதும் அரசு. 2018 இல் புதிய தலைமுறை செய்தி அலைவரிசையை அரசு கேபிளில் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்து, ஊடகவியலாளர்கள் கண்டித்தார்கள். கம்பியை வைத்திருக்கிற கை நாளைக்குச் செய்தியின் கழுத்தையும் பிடிக்கலாம் என்பதற்கு இது ஒரு பாடம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். கொஞ்சம் கசப்பான பகுதி இது.

கேபிளுக்கு ஒரு குழு வேண்டும் என்று நான் வாயெடுத்ததும் நம்மவர்களில் சிலர் சொன்ன முதல் பதில், "அப்படியானால் முதலில் அந்த அந்த சேனலை நிறுத்தச் சொல்லுங்க டீச்சர்" என்பதுதான். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. 2018 மார்ச்சில் திகன எரிந்ததை நாம் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வீட்டு ஜன்னலில் இருந்து புகையைப் பார்த்தோம். 2020 இல் ஜனாஸாக்களை எரித்த நாட்களில் சில திரைகளில் நம்மைப் பற்றி என்னவெல்லாம் பேசினார்கள் என்பதும் ஞாபகம் இருக்கிறது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் செய்தி நேரத்துக்கு டிவியை அணைத்துவிடுவோம், பிள்ளைகள் கேட்கக் கூடாது என்று.

ஆனாலும் ஒரு நகரக் குழுவின் கையில் அந்தக் கத்தரிக்கோலைக் கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை. காரணம் சொல்கிறேன்.

அந்தக் குழுவில் யார் உட்காருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எந்த நகரத்திலும் பெரும்பான்மை பெரும்பான்மைதான். இன்று நமக்குப் பிடிக்காத அலைவரிசையை நிறுத்தும் அதிகாரம், நாளைக்கு ஒரு தமிழ் அலைவரிசையையோ நோன்பு கால நிகழ்ச்சியையோ நிறுத்தும் அதிகாரமாகவும் இருக்கும். 2018 மார்ச்சில் வன்முறையைத் தடுக்க என்று சொல்லி ஃபேஸ்புக், வட்ஸ்அப், வைபரை ஒரு வாரமளவில் நிறுத்தி வைத்தார்கள். வெறுப்புப் பதிவுகள் பரவாமல் தடுப்பது நோக்கம். ஆனால் ஊரடங்கு நேரத்தில் மெனிக்ஹின்னையில் இருக்கும் ராத்தா உயிரோடு இருக்கிறாரா என்று வட்ஸ்அப்பில் கேட்க முடியாமல் தவித்ததும் நாம்தான்.

உள்ளடக்கத்துக்குப் பொறுப்புக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆட்சியாளர்களின் கைக்கு எட்டாத, தேசிய மட்டச் சுயாதீன அமைப்பு ஒன்று வேண்டும். 1997 இல் ஒலி, ஒளிபரப்புக்கு ஓர் அதிகார சபை அமைக்கச் சட்டமூலம் வந்தபோது, அந்தச் சபை அரசாங்கத்திடமிருந்து சுதந்திரமாக இல்லை, அதனால் அது அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சுயாதீனமில்லாத சபை நாட்டுக்கே ஆகாது என்றால் நகரத்துக்கு எப்படி ஆகும்?

ஆகவே எனது கோரிக்கை சின்னது. கண்டி மாநகர சபையும், சுற்றியுள்ள அக்குறணை, ஹாரிஸ்பத்துவ, பாததும்பர, குண்டசாலை பிரதேச சபைகளும் தத்தமது பகுதியில் கேபிள், இன்டர்நெட் கம்பிகளைக் கவனிக்க ஒரு சிறிய குழுவை அமைக்க வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில், சபை உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்த்துக் குழு அமைக்க இடம் இருக்கிறது. மாநகர சபையும் மனம் வைத்தால் ஓர் ஆலோசனைக் குழுவை வைத்துக்கொள்ளலாம். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து இரண்டு வருடத்துக்கு மேல் நாம் உறுப்பினரே இல்லாமல் இருந்தோம். 2025 மே 6 இல் வாக்களித்துச் சபைகளைத் திரும்பப் பெற்றோம். பெற்ற சபையிடம் எதையாவது கேட்க வேண்டாமா?

குழு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். ரோல்ஸ், பெட்டிஸ், பிளேன்டீ, ஒரு குரூப் போட்டோ. அதனால் குழுவுக்கான வேலையை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நாலே வேலை.

ஒன்று, கம்பி. அறுந்த, தொங்கும், கைவிட்ட கம்பிகளின் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரைக் கண்டுபிடித்து, அகற்ற ஒரு நாளைக் குறிப்பது. பாடசாலைப் பாதைகள் முதலில்.

இரண்டு, காசு. மாதக் கட்டணம், இணைப்புக் கட்டணம் எவ்வளவு என்று ஒவ்வொரு வழங்குநரும் எழுத்தில் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு கட்டாயம். இத்தனை நாளுக்கு மேல் சேவை இல்லையென்றால் அந்த நாட்களுக்குக் காசு இல்லை.

மூன்று, முறைப்பாடு. ஒரு பதிவுப் புத்தகம், ஒரு தொலைபேசி இலக்கம். முறைப்பாடு வந்த நாள், திருத்திய நாள் இரண்டையும் எழுதி, மாதம் ஒருமுறை சபை வாசலில் ஒட்ட வேண்டும். இந்தக் குழுவுக்கு உரிமத்தை ரத்துச் செய்யும் அதிகாரம் கிடையாது, தெரியும். ஆனால் மாமி தனியாக அனுப்பினால் அது ஒரு கடிதம். எந்த ஒழுங்கையில் எத்தனை நாள் சேவை இல்லை என்று நூறு வீட்டுக் கணக்கோடு சபை கொழும்புக்கு அனுப்பினால் அதை எளிதில் தூக்கிப் போட முடியாது.

நான்கு, மொழி. சேவை நிறுத்தப்படும் அறிவிப்பும் ஆபத்து அறிவிப்பும் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நேரத்தில் வர வேண்டும். டித்வாவில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது கண்டி மாவட்டம். மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளா, செம்மஞ்சளா, சிவப்பா என்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை. அந்த இரவு எங்கள் வட்ஸ்அப் குழுவில் சிங்களத்தில் வந்த அறிவிப்பை நான்தான் தமிழில் எழுதிப் போட்டேன். வீட்டுக் கேபிளில் ஊர் அறிவிப்புக்கென்று கீழே ஒரு வரி ஓடவிட எவ்வளவு செலவாகும்? மின்சாரம் போனால் டிவியும் போகும், அப்போது ரேடியோதான். ஆனால் மழை பெய்யத் தொடங்கி மின்சாரம் போகும் வரைக்கும் நமக்கு நேரம் இருந்ததே.

இதற்குக் கீழே ஐந்தாவது வரியாக ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும்: நிகழ்ச்சிகளின் உள்ளடக்கம் இந்தக் குழுவின் வேலை இல்லை.

குழுவில் ஏழு பேர் போதும். அதில் மூன்று பேராவது பெண்களாக இருக்கட்டும், பகலில் வீட்டிலிருந்து கேபிள்காரரோடு பேசுகிறவர்கள் அவர்கள்தான். மின்வேலை தெரிந்த ஒருவர், மூத்தவர் ஒருவர், தமிழில் எழுதக்கூடிய ஒருவர் கட்டாயம். கேபிள்காரர்களில் ஒருவரையும் கூப்பிட வேண்டும்.

கேபிள்காரர்களுக்காகவும் ஒரு வார்த்தை. சின்ன வழங்குநர்கள் பலர் நம் ஊர்ப் பிள்ளைகள். அந்தப் புயலுக்குப் பிறகு இடுப்பில் பட்டி கூட இல்லாமல் ஈரக் கம்பத்தில் ஏறி நின்ற தம்பிமாரையும் நான் பார்த்தேன். கம்பத்தில் கம்பி கட்ட எவ்வளவு உயரம், மின்கம்பியிலிருந்து எவ்வளவு இடைவெளி என்று யாராவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்து, பட்டி கட்டாமல் ஏறக் கூடாது என்று கண்டிப்பாக நின்றால், முதலில் காப்பாற்றப்படுவது அவர்கள் உயிர்தான். ஒழுங்காகத் தொழில் செய்கிறவருக்கு இந்தக் குழுவால் நட்டம் வராது. சரி அடையாளக் கொப்பியை மட்டும் வைத்துத் தொழில் செய்கிறவருக்குக் கொஞ்சம் கஷ்டம் வரும், வரட்டும்.

மாமியின் கடிதம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பெறுநர் இடத்தில் ஒருவரைப் போட முடியாததால் மூன்று கடிதமாக எழுதி, ஒவ்வொன்றிலும் மற்ற இருவருக்கும் பிரதி என்று போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினோம். தமிழில்தான் எழுதினோம். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை நமக்கு உரிமை தந்திருக்கிறது. அடுத்ததாக 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்விகள் கேட்கப் போகிறேன். எங்கள் பகுதியில் கேபிள் உரிமம் பெற்றவர்கள் யார் யார்? கம்பங்களைப் பயன்படுத்த அவர்கள் யாருக்கு, எவ்வளவு கட்டுகிறார்கள்? கைவிட்ட கம்பியை அகற்றும் பொறுப்பு எழுத்தில் யாருக்கு இருக்கிறது? விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று மட்டும். உங்கள் வீதியின் பெயர், புயலுக்குப் பிறகு எத்தனை நாள் சேவை இல்லை, அந்த நாட்களுக்குக் காசு எடுத்தார்களா, பற்றுச்சீட்டு கிடைத்ததா, தொங்கும் கம்பி எங்கே இருக்கிறது. இந்த ஐந்தையும் கீழே எழுதுங்கள். கேபிள்காரரின் பெயரைப் போட்டு யாரையும் திட்ட வேண்டாம். கணக்கு மட்டும் போதும். ஐம்பது வீட்டுக் கணக்குச் சேர்ந்ததும் அட்டவணையாக்கி, நம் வட்டார உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர் கையில் கொடுப்போம்.

தொங்கும் கம்பியைப் பிள்ளைகள் தொட வேண்டாம் என்று இன்றைக்கே வீட்டில் சொல்லி வையுங்கள். நாளைக் காலை அந்தப் படிக்கட்டுப் பாதையில் நானும் நிற்பேன்.